பிக்கப்ல நாய் ஏத்திட்டு தூரமா போறவங்களுக்கு: கூண்டு கட்டுறதுலேர்ந்து வீடு போய்ச் சேர்ற வரைக்கும்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நம்ம ஊர் நாய் வளர்க்கணும்னு ஆசைப்படுறவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, நாய் இருக்கிறது விருதுநகர் தூத்துக்குடி தேனி பக்கம், வாங்குறவங்க இருக்கிறது சென்னை கோயம்புத்தூர் பெங்களூர். நடுவுல 400, 500 கிலோமீட்டர் ரோடு. பஸ்ல ஏத்த மாட்டாங்க, ட்ரெயின்ல எல்லாருக்கும் சரிப்பட்டு வராது, கடைசில ஒரு போலீரோ பிக்கப்போ தோஸ்த்தோ குட்டி யானையோ பேசி பின்னாடி கட்டி ஏத்திட்டு கிளம்பிடுறாங்க. அங்கதான் பிரச்சனையே. வண்டி நல்ல வண்டி, டிரைவர் நல்ல டிரைவர், ஆனா பின்னாடி இருக்கிற உயிர் எப்படி மூச்சு விடும், எங்க நிக்கும், எப்ப தண்ணி குடிக்கும்னு யாரும் யோசிக்கிறதில்ல. முதல் தடவை போறவங்களுக்காக இத எழுதுறேன். ராஜபாளையத்துலேர்ந்து சென்னை, கிட்டத்தட்ட 550 கிலோமீட்டர், இத மனசுல வச்சுத்தான் சொல்றேன், வேற ரூட்டா இருந்தாலும் முறை இதேதான்.

கழுத்துல கட்டி ஏத்தாதீங்க

மத்தது எதையும் படிக்காட்டியும் இத மட்டும் படிச்சிடுங்க. பாடியோட சைடு கம்பில சங்கிலிய மாட்டி மறுமுனைய நாய் கழுத்துல போட்டு கூட்டிட்டுப் போறத ஹைவேல தினமும் பாக்கலாம். சங்கிலி நீளமா இருந்தா நாய் கதவ தாண்டி குதிச்சு வெளில தொங்கும், ஓடுற வண்டில அப்படி தொங்கினா முன்னாடி இருக்கிற டிரைவருக்கு தெரியவே தெரியாது. சங்கிலி குட்டையா இருந்தா அதுக்கு உக்காரவும் முடியாது படுக்கவும் முடியாது, ஒவ்வொரு பிரேக்குக்கும் கழுத்துதான் வெட்டி இழுக்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி ஒரு நொடில பத்துல ஒரு பங்கு நேரத்துல நின்னுச்சுன்னா 20 கிலோ நாயோட உடம்பு 340 கிலோ எடைக்கு சமமான விசையோட முன்னாடி போகும். அத்தனையும் அந்த ஒரு கழுத்துல இறங்கினா என்ன ஆகும்னு நான் சொல்லணும்னு இல்ல.

இன்னொண்ணு, சிப்பிப்பாறை கன்னி மாதிரி வேட்டை நாய்ங்களுக்கு தலை ஒல்லி, கழுத்து தடிமன். சாதாரண பெல்ட்ட தலைய பின்னாடி இழுத்து உருவிட்டு ஓடிடும். அதனால மார்ப சுத்தி போடுற ஹார்னஸ் வாங்குங்க, வண்டில ஏத்தி இறக்கும்போது ஹார்னஸ்ல ஒரு கயிறு, கழுத்துப் பட்டைல ஒரு கயிறுன்னு ரெண்டு இருக்கட்டும், ஒண்ணு உருவினா இன்னொண்ணு பிடிச்சு நிறுத்தும்.

கேபினா, பின்னாடியா

ஒரே ஒரு நாய், வண்டி டபுள் கேபின்னா (போலீரோ கேம்பர், வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி) யோசிக்கவே வேண்டாம், பின் சீட்டுதான். ஏசி இருக்கு, கண்ணு முன்னாடி இருக்கு. ஹார்னஸ சீட் பெல்ட்டோட மாட்டுங்க, இல்லைன்னா கூண்ட சீட்டுல வச்சு கட்டுங்க. முன் சீட்டுல உக்கார வைக்காதீங்க, ஏர்பேக் வெடிச்சா மனுஷனுக்குத்தான் பாதுகாப்பு, நாய்க்கு அதுவே அடி. மடில வச்சுட்டு ஓட்டுறதும் வேண்டாம்.

பக், புல்டாக், ஷிட்சூ, பாக்ஸர் மாதிரி மூக்கு சப்பையான நாய்ங்க எந்த சூழ்நிலைலயும் பின்னாடி போகக் கூடாது. அதுங்களால மூச்சிரைச்சு உடம்ப ஆத்திக்க முடியாது, நிழல்ல இருந்தாலே திணறும். ஏசி கேபின் இல்லைன்னா அந்த நாய அந்த வண்டில ஏத்தாதீங்க, வேற ஏற்பாடு பண்ணுங்க. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கிற குட்டி, வயசான நாய், சமீபத்துல காய்ச்சல் வந்து தேறின நாய் இதுங்களையும் இதே கணக்குல சேர்த்துக்கோங்க.

பின்னாடிதான் ஏத்தியாகணும்னா கூண்டு இல்லாம ஏத்தாதீங்க. "கூட ஒரு ஆள் உக்காந்து பிடிச்சுக்குவான்"னு சொல்வாங்க, சரக்கு வண்டி பின்னாடி ஆள் ஏத்திட்டு போறது சட்டப்படியே தப்பு, பிரேக் அடிச்சா ஆளும் போவான் நாயும் போகும்.

கூண்டு

ரெடிமேடா பிளாஸ்டிக் கூண்டு கிடைக்குது, கேபினுக்குள்ள வைக்க அது நல்லாத்தான் இருக்கு. பின்னாடி வைக்க எனக்கு பிடிச்சது லோக்கல் வெல்டிங் பட்டறைல ஸ்கொயர் டியூப்பும் வெல்ட் மெஷ்ஷும் (கம்பி வலை) வச்சு அடிக்கிற இரும்புக் கூண்டுதான், காத்து நாலு பக்கமும் வரும், அளவ நம்மளே சொல்லலாம்.

அளவு எப்படி எடுக்கிறது? நாய் நேரா நிக்கட்டும், காது நுனிலேர்ந்து தரை வரைக்கும் அளந்து அதுக்கு மேல ரெண்டு மூணு விரக்கடை விடுங்க, அது உயரம். மூக்குலேர்ந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அளந்து அதோட முன்னங்கால் உயரத்துல (தரைலேர்ந்து முழங்கை வரைக்கும்) பாதிய கூட்டுங்க, அது நீளம். உள்ள நிக்கணும், திரும்பணும், காலை நீட்டி படுக்கணும், அவ்வளவு போதும். பெருசா இருந்தா நல்லதுன்னு நினைச்சு ரூம் மாதிரி கட்டிடாதீங்க, ஒவ்வொரு வளைவுலயும் நாய் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போய் மோதும். நல்லா வளர்ந்த ராஜபாளையம் நாய்க்கு சுமாரா மூணரையிலேர்ந்து நாலு அடி நீளம், ரெண்டரை அடி அகலம், மூணு அடி உயரம் வரும். போலீரோ பிக்கப் பாடி கிட்டத்தட்ட அஞ்சரை அடி அகலம், அதனால இந்த அளவுல ரெண்டு கூண்டு பக்கத்துல பக்கத்துல நடுவுல கொஞ்சம் சந்து விட்டு நிக்கும்.

பட்டறைல நிக்கும்போதே சில விஷயம் சொல்லிடுங்க. மெஷ் ஓட்டை ஒரு இஞ்சுக்கு மேல வேண்டாம், பாதம் மாட்டிக்கும், குட்டிக்குன்னா அரை இஞ்சு. வெல்டிங் பிசிறு எல்லாத்தையும் கிரைண்டர் போட்டு எடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சதும் நீங்களே கைய உள்ள விட்டு எல்லா மூலையும் தடவிப் பாருங்க, உங்க கைய கிழிக்கிறது நாய் கண்ணையும் கிழிக்கும். கதவு ஒண்ணு பின்பக்கம் பாத்து இருந்தா இன்னொண்ணு பக்கவாட்டுலயோ மேலயோ இருக்கணும், ஏன்னா பின்னாடி வண்டி வந்து இடிச்சா முதல்ல அடைபடுறது பின் கதவுதான். தாழ்ப்பாள மூக்கால நெம்பித் திறக்கிற நாய் நிறைய இருக்கு, அதனால தாழ்ப்பாள் மேல ஒரு கொக்கியும் மாட்டுங்க. பூட்டு போட வேண்டாம், அவசரத்துல சாவி தேடிட்டு நிக்க முடியாது. பெயிண்ட் அடிச்சா வாடை முழுசா போன பிறகுதான் நாய ஏத்தணும்.

அடில என்ன போடுறது? வெறும் இரும்புத் தரை கூடவே கூடாது, வெயில்ல சுடும், கீழ சைலன்சர் பைப் போற இடத்துல இன்னும் சுடும், மழைல வழுக்கும். மாட்டுக் கொட்டாய்க்கு விக்கிற தடியான ரப்பர் மேட் இருக்கு பாருங்க, அத கூண்டு அளவுக்கு வெட்டிப் போடுறத விட நல்லது எதுவும் இல்ல. குலுங்கல வாங்கிக்கும், வழுக்காது, கழுவலாம். அதுக்கு மேல ஒரு சாக்கோ பழைய போர்வையோ. நம்ம ஊர் வேட்டை நாய்ங்களுக்கு உடம்புல கொழுப்பே கிடையாது, எலும்பு மேல தோல் அப்படியே இருக்கும், பத்து மணி நேரம் கெட்டித் தரைல படுத்தா முழங்கையும் இடுப்பும் தேஞ்சு புண்ணாயிடும். வைக்கோல் போடுறவங்க இருக்காங்க, காத்துல தூசி பறந்து கண்ணுல மூக்குல போகுது, எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

வண்டில எங்க வைக்கிறது, எப்படி கட்டுறது

கேபினுக்கு ஒட்டி, முன்னாடி. பிக்கப்புக்கு பின்னாடி இருக்கிறது பட்டை ஸ்பிரிங், ஒரு டன்னுக்கு மேல லோடு தாங்குற மாதிரி செஞ்சது, மேல ரெண்டு நாயும் கூண்டும்னா அதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரிதான், தூக்கித் தூக்கிப் போடும். பின் சக்கரத்துக்கு பின்னாடி வச்சா ஒவ்வொரு குழிக்கும் நாய் எகிறும். கேபின ஒட்டினாப்ல வச்சா ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வரும், குலுக்கல் பாதி குறையும், எதிர் காத்தும் நேரா அடிக்காது. பின் டயர்ல ஃபுல் லோடுக்கு அடிக்கிற காத்து இருந்தா அத லோடு இல்லாத அளவுக்கு குறைங்க, எவ்வளவுன்னு டிரைவர் கதவு பக்கம் ஸ்டிக்கர்லயோ வண்டி புக்லயோ போட்டிருக்கும்.

கட்டுறதுக்கு நைலான் கயிறு போதாது, ஓட ஓட தளர்ந்துடும். ராட்செட் பெல்ட் (கைப்பிடிய ஆட்டி இறுக்குற பட்டை) வாங்குங்க, ஒரு கூண்டுக்கு ரெண்டு, குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணு, பாடில இருக்கிற கொக்கில மாட்டி இறுக்குங்க. இறுக்கினப்புறம் கூண்ட பிடிச்சு உங்க முழு பலத்தோட ஆட்டுங்க, வண்டி ஆடணுமே தவிர கூண்டு ஆடக் கூடாது. முதல் 20 கிலோமீட்டர்ல நிறுத்தி திரும்ப ஒரு தடவை இறுக்குங்க, பெல்ட் கண்டிப்பா கொஞ்சம் இளகியிருக்கும். கூட வேற சாமான் ஏத்தினா அதையும் தனியா கட்டுங்க. உர மூட்டை, பெயிண்ட், டீசல் கேன், கேஸ் சிலிண்டர் இதெல்லாம் நாய் போற வண்டில ஏறவே கூடாது.

நிழலும் காத்தும்

இங்கதான் நல்ல மனசோட செய்ற தப்பு அதிகம். வெயில் படக்கூடாதுன்னு தார்ப்பாய போட்டு நாலு பக்கமும் இறுக்கி மூடிடுறாங்க. உள்ள அடுப்பாயிடும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்க தொங்கவிட்டு மூச்சிரைச்சுத்தான் சூட்ட வெளியேத்தும். சுத்தி இருக்கிற காத்தே சூடாவும் ஈரமாவும் இருந்தா எவ்வளவு இரைச்சாலும் பிரயோஜனம் இல்ல. மூடின வண்டி வெயில்ல நின்னா பத்தே நிமிஷத்துல உள்ள 10 டிகிரி கிட்ட ஏறிடும், அதனால "டீ குடிச்சிட்டு வந்துடலாம்"ங்கிறது நாய்க்கு ரொம்ப நீளமான நேரம்.

மேல மட்டும் தார்ப்பாய், வெள்ளி கலர் பக்கம் வெளில தெரியுற மாதிரி. கூண்டு கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவுல அரை அடியாவது இடைவெளி இருக்கணும், அப்பத்தான் சூடு கீழ இறங்காது. பக்கவாட்டுல நர்சரில கட்டுற பச்சை ஷேட் நெட் கட்டுங்க, வெயில வடிகட்டும், காத்த விடும், பக்கத்துல லாரி போறப்ப நாய் மிரளாம இருக்கவும் உதவும். மழைக்காலம்னா பக்கத்து தார்ப்பாய சுருட்டி மேல கட்டி வச்சுக்கோங்க, தேவைப்படும்போது இறக்கலாம். நனைஞ்ச நாய் மேல ராத்திரி காத்து அடிச்சா நடுங்கிப் போயிடும்.

புகைய பத்தி யாரும் பேசுறதே இல்ல. வண்டி ஓடும்போது பின்னாடி காத்து அழுத்தம் குறைஞ்சு ஒரு உறிஞ்சல் உண்டாகும், முன்பக்கமும் பக்கமும் அடைச்சு பின்பக்கம் மட்டும் திறந்து விட்டா சைலன்சர் புகை அப்படியே உள்ள வரும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நாய் தூங்குற மாதிரியே இருக்கும். அதனால கேபின் பக்கத்துலயும் காத்து நுழைய வழி விட்டு அது பின்னாடி வெளியேறுற மாதிரி வைங்க. சைலன்சர்ல ஓட்டை, ஜாயிண்ட்ல லீக் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. நிறுத்தினா இன்ஜினையும் ஆஃப் பண்ணிடுங்க.

மீன் தொட்டிக்கு விக்கிற ஒயர் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், விலை கம்மிதான், ஒயர் நீளமா இருக்கிறதா பாத்து வாங்கி முனைய கூண்டு மேல கட்டி டிஸ்ப்ளேவ கேபின் பின் கண்ணாடில ஒட்டிடுங்க. உள்ள எவ்வளவு சூடுன்னு ஊகிக்க வேண்டியதில்ல.

பழக்குறது

கூண்டு வந்த அன்னிக்கே நாய தள்ளி கதவ சாத்தி 500 கிலோமீட்டர் கூட்டிட்டுப் போனா அது வாழ்நாள் பூரா வண்டிய பாத்தாலே ஓடும். ரெண்டு வாரம் முன்னாடியே கூண்ட வீட்டுல வைங்க, கதவ திறந்தே விடுங்க, சோறு உள்ளதான் வைக்கணும். தானா போய் படுக்க ஆரம்பிச்சதும் கொஞ்ச நேரம் கதவ சாத்திப் பாருங்க. அப்புறம் வண்டில ஏத்தி இன்ஜின் மட்டும் ஓட விடுங்க. அப்புறம் தெரு முனை வரைக்கும், அப்புறம் 5 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர். புதுசா நாய் வாங்கப் போறவங்களுக்கு இந்த அவகாசம் இருக்காது, வளர்க்கிறவர்கிட்ட கூண்ட முன்கூட்டியே குடுத்து அங்க நாலு நாள் சோறு உள்ள வைக்கச் சொல்லலாம், பெரும்பாலும் சந்தோஷமா செய்வாங்க. நாய் படுத்திருந்த சாக்கையே வாங்கிட்டு வந்து கூண்டுக்குள்ள போடுங்க, தெரிஞ்ச வாசனை பக்கத்துல இருந்தா பாதி பயம் போயிடும். ராஜபாளையம் நாய்ங்கள்ல பிறவிலயே காது கேக்காதது அதிகம், வாங்கும்போதே கை தட்டி பாத்துக்கோங்க, கேக்காத நாய்னா கூண்ட திறக்கிறதுக்கு முன்னாடி நீங்க முகத்துக்கு நேரா நின்னு அது உங்கள பாத்தப்புறம்தான் கைய வைக்கணும்.

எச்சில் ஒழுகுது, உதட்ட நக்குது, சும்மா சும்மா கொட்டாவி விடுது, முழுங்கிட்டே இருக்குன்னா வாந்தி வரப் போகுதுன்னு அர்த்தம். குட்டிங்களுக்கு இது அதிகம், வளர வளர குறையும். வாந்திக்கு நாய்க்குன்னே மருந்து இருக்கு, எடை பாத்து டாக்டர் குடுப்பார். மெடிக்கல்ல போய் மனுஷ மாத்திரைய பாதியா உடைச்சுப் போடுற வேலை வேண்டவே வேண்டாம். தூக்க மருந்தும் அப்படித்தான், மயக்கத்துல இருக்கிற நாய்க்கு உடம்பு சூட்ட கட்டுப்படுத்த முடியாது, வண்டி திரும்பும்போது காலூனி நிக்கவும் முடியாது. பயந்த சுபாவம்னா டாக்டர்கிட்ட சொல்லி அவர் சொல்றத மட்டும் கேளுங்க.

பேப்பர்

1978ல வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகள்ல நாய் பூனைக்குன்னு தனியா ஒரு பகுதியே இருக்கு. பயணத்துக்கு தகுதியா இருக்கு, தொத்து நோய் அறிகுறி இல்லைன்னு கால்நடை டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும். நிறை சினை நாய ஏத்தக் கூடாது. பருவத்துல இருக்கிற பெட்டைய ஆண் நாயோட சேத்து ஏத்தக் கூடாது. கோடைல 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, குளிர் காலத்துல 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி குடுக்கணும்னு அதுலயே சொல்லியிருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 4 மணி நேரமே அதிகம்னுதான் நான் சொல்வேன். துன்புறுத்துற மாதிரி ஏத்திட்டுப் போனா 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துல குற்றம். சர்டிஃபிகேட்டும் தடுப்பூசி புக்கும் டேஷ்போர்டுல வைங்க, கேரளா கர்நாடகா எல்லைல கேட்டா உடனே காட்டலாம். வெறிநாய்க்கடி ஊசியும் பார்வோ, டிஸ்டம்பர்ங்கிற தொத்து நோய்ங்களுக்கான ஊசியும் கிளம்புற அன்னிக்கு போட்டுட்டு ஏறக் கூடாது, உடம்புல வேலை செய்ய ரெண்டு வாரமாவது முன்னாடி போட்டிருக்கணும்.

கிளம்புற நாளும் நேரமும்

மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் பகல்ல பின்னாடி நாய் ஏத்தாதீங்க. கத்திரி வெயில்ல சுத்தமா கூடாது. திருச்சி பெரம்பலூர் பக்கம் மத்தியானம் ரோட்டுலேர்ந்து வர்ற அனல் காத்து கேபின்ல இருக்கிற நம்மளையே வாட்டும். சாயங்காலம் 5, 6 மணிக்கு ராஜபாளையத்துல கிளம்பினா காலைல வெயில் ஏறுறதுக்குள்ள செங்கல்பட்டு தாண்டிடலாம். ஆனா அதுக்கு ரெண்டு டிரைவர் வேணும். ராத்திரி 2 மணிலேர்ந்து 5 மணி வரைக்கும் கண்ண இழுக்கும், ஒரே ஆள்னா மாலை கிளம்பி திருச்சில தங்கி அதிகாலை 3 மணிக்கு திரும்ப கிளம்புங்க. தங்குற இடத்துல நாய் வண்டிலயே கிடக்கக் கூடாது, கூட ரூமுக்கோ வராண்டாவுக்கோ கொண்டு போக முடியுமான்னு முன்னாடியே பேசிடுங்க.

சாப்பாடு கிளம்புறதுக்கு 3, 4 மணி நேரம் முன்னாடி, வழக்கத்துல பாதி. வயிறு நிறைய போட்டு ஏத்தாதீங்க, மார்புக்கூடு ஆழமா இருக்கிற நாய்ங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து இருக்கு, அது சில மணி நேரத்துலயே உயிர எடுத்துடும். கிளம்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நல்லா நடக்க விடுங்க, ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் முடிச்சிடும்.

வாயக் கயித்தால கட்டி ஏத்துறத இன்னைக்கும் பாக்குறேன், மனசு பதறுது. வாயத் திறக்க முடியலைன்னா மூச்சிரைக்க முடியாது, இரைக்க முடியலைன்னா சூடு வெளியேறாது, வாந்தி வந்தா தொண்டைலயே அடைக்கும். கடிக்கிற நாய்னா கூடை மாதிரி இருக்கிற வாய்மூடி வாங்குங்க, அதுல வாயத் திறக்கலாம் தண்ணியும் குடிக்கலாம், அதையும் ஏத்தி இறக்கும்போது மட்டும் போட்டா போதும். கூண்டுக்குள்ள விட்டதும் கழுத்துச் சங்கிலி, தொங்குற கயிறு எல்லாத்தையும் கழட்டிடுங்க, மெஷ்ல மாட்டி இறுக்கும். ஒரு கூண்டுக்கு ஒரு நாய். வீட்டுல அண்ணன் தம்பியா இருக்கிற நாய்ங்களும் பயத்துல ஒண்ண ஒண்ணு கடிக்கும், நடுவுல ஒரு பிளைவுட் பலகை வச்சு மறைச்சிடுங்க.

ஓட்டுறது

நாமக்கல்லேர்ந்து முட்டை லோடு ஏத்திட்டு வர்றவர் எப்படி ஓட்டுவாரோ அப்படி. 70க்கு மேல வேண்டாம். ராஜபாளையத்துலேர்ந்து திருமங்கலம் வரைக்கும் ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கு, தூரத்துலயே வேகத்த குறைச்சு ஊர்ந்து ஏறி இறங்குங்க, திடீர் பிரேக் வேண்டாம். டிரைவர் வாடகை ஆளா இருந்தா இத கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, நேரமானாலும் பரவாயில்ல கூட ஐநூறு தர்றேன்னு சொன்னா அவருக்கும் அவசரம் இருக்காது. டோல்கேட்ல ஹாரன் சத்தத்துல நாய் குலைச்சா அதட்டாதீங்க, கடந்தா அடங்கிடும்.

நிறுத்துறது

ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த ரூட்ல துவரங்குறிச்சி பக்கம், பெரம்பலூர் பக்கம், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம்னு வச்சுக்கலாம். முதல் நிறுத்தம் மட்டும் சீக்கிரமே இருக்கட்டும், நாய் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.

எங்க நிறுத்துறீங்கங்கிறது முக்கியம். புரோட்டா கடை, டீக்கடை வாசல் வேண்டாம், அங்க தெரு நாய் இருக்கும், கீழ கோழி எலும்பு கிடக்கும், நம்ம நாய் ஒரு நொடில வாயில போட்டுடும். பெரிய பெட்ரோல் பங்க்ல லாரி நிக்கிற இடத்துக்கு ஓரமா, வெளிச்சம் இருக்கிற பக்கமா நிறுத்துங்க. வயலுக்குள்ள இறக்காதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. தடுப்பூசி முழுசா முடியாத குட்டிய தரைலயே விடக்கூடாது, பத்து நாய் வந்து போற இடத்துல பார்வோ கிருமி கிடக்கும், வண்டிக்குள்ளயே பேப்பர் விரிச்சு இருக்க விடுங்க.

இறக்கும்போதுதான் நாய் தொலையுறது. நாள் பூரா அடைஞ்சு கிடந்த நாய், புது இடம், லாரி சத்தம், கதவு திறந்ததும் ஒரே பாய்ச்சல்ல ஹைவேய தாண்டிடும், கன்னி சிப்பிப்பாறைய துரத்திப் பிடிக்க எவனாலயும் முடியாது. அதனால கதவ கை நுழையுற அளவு மட்டும் திறந்து, உள்ளயே ஹார்னஸும் ரெண்டு கயிறும் மாட்டி, கயித்த கைல ரெண்டு சுத்து சுத்திட்டு, அப்புறம்தான் முழுசா திறக்கணும். ஒரு நேரத்துல ஒரு நாய். குதிக்க விடாதீங்க, மார்பையும் பின்பக்கத்தையும் சேத்துத் தாங்கி தூக்கி இறக்குங்க. பட்டைல உங்க போன் நம்பர் எழுதின தகடு தொங்கட்டும்.

தண்ணி கொஞ்சம் கொஞ்சமா, வீட்டுத் தண்ணியே ஒரு கேன்ல கொண்டு வந்தா வயித்துக்கு நல்லது. பத்து நிமிஷம் நடை. ஈறு தொட்டுப் பாருங்க, ஈரமா ரோஸ் கலர்ல இருக்கணும், விரலால அழுத்தி விட்டா வெளுத்து ரெண்டு நொடிக்குள்ள திரும்ப சிவக்கணும். காஞ்சு ஒட்டுச்சுன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.

சூடு தலைக்கேறினா

ஓயாம வேகமா இரைக்குது, நாக்கு ஈறு செங்கல் கலராயிடுச்சு, எச்சில் கெட்டியா நூல் மாதிரி தொங்குது, தள்ளாடுது, கூப்பிட்டா திரும்பல. இதுல ரெண்டு தெரிஞ்சாலே வண்டிய ஓரங்கட்டுங்க. நாய்க்கு சாதாரண சூடு 101லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104 தாண்டினா ஆபத்து, 106ங்கிறது உயிர் போற நிலை. ஆசனவாய்ல வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு முதலுதவிப் பெட்டில இருக்கட்டும்.

முதல்ல ஆத்தணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நிழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க, வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, பாதம். கேன்ல இருக்கிறது, பங்க் பைப்ல வர்றது எதுவா இருந்தாலும் சரி. கூடவே விசிறணும், தண்ணியும் காத்தும் சேந்தாத்தான் சூடு இறங்கும். ஈரத்துண்ட மேல போத்தி விட்டா அது போர்வை மாதிரி சூட்ட உள்ளயே அடைச்சிடும், போத்தாதீங்க. நினைவு இல்லாத நாய் வாயில தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். 103க்கு வந்ததும் தண்ணி ஊத்துறத நிறுத்தி கேபின்ல ஏசில ஏத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. எந்திரிச்சு வாலாட்டினாலும் போகணும், கிட்னி, ரத்தம் உறையுறதுல வர்ற கோளாறு அடுத்த ரெண்டு நாள்ல கூட வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரூட்ல இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரி நம்பர எழுதி வச்சுக்கோங்க. திருநெல்வேலி ராமையன்பட்டி, தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாடு, நாமக்கல், சென்னை வேப்பேரி இங்கெல்லாம் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 1962 கால்நடை ஆம்புலன்ஸ், 1033 ஹைவே உதவி. நடு ராத்திரி எந்த கிளினிக் திறந்திருக்கும்னு பகல்லயே போன் போட்டு கேட்டுக்கோங்க.

வீடு சேந்ததும்

கேட்ட சாத்தினப்புறம்தான் கூண்ட திறக்கணும், வந்து சேந்த இடத்துல ஓடிப் போற நாய்க்கு ஊர் தெரியாது. முதல்ல தண்ணி, ஒரு மணி நேரம் கழிச்சு கொஞ்சமா தயிர் சாதமோ அது பழகின சாப்பாடோ. அக்கம்பக்கத்துக்காரங்க, சின்னப் பசங்க எல்லாரையும் அன்னிக்கே கூப்பிட்டு காட்டாதீங்க, ஒரு மூலைல அதோட சாக்கப் போட்டு தனியா விடுங்க. பாதம், முழங்கை, கண்ணு எல்லாம் தடவிப் பாருங்க, காதுக்குள்ளயும் விரல் இடுக்குலயும் உண்ணி ஏறியிருக்கான்னு பாருங்க. முதல் நாள் சுருண்டு படுத்தே கிடக்கும், அது அசதி. முழுசா ஒரு நாள் சாப்பிடல, இல்ல இருமல், வாந்தி, ரத்தம் கலந்த பேதின்னா காத்திருக்காம டாக்டர்கிட்ட கொண்டு போங்க, குட்டியா இருந்தா அரை நாள் கூட பொறுக்காதீங்க. கூண்ட பிளீச்சிங் தண்ணி விட்டு கழுவி வெயில்ல காய வச்சு, ரப்பர் மேட்ட தனியா எடுத்து ரெண்டு பக்கமும் காய விடுங்க.